சட்டையில் பெயர் போடுவது எப்படி: ஒரு 400 வருஷக் குழப்பம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் கதை ஒரு பிங்க் லோகோவில் ஆரம்பிக்குது.

காலேஜ் ஃபைனல் இயர்ல எங்க டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் அடிக்கிற பொறுப்பு என் தலையில விழுந்தது. 64 பேர், தலைக்கு 350 ரூபாய், மொத்தம் 22,400. ஒரு மொத்த விற்பனைக் கடையில் மெரூன் கலர் டிரை-ஃபிட் டி-ஷர்ட் வாங்கினோம். "காட்டன் மிக்ஸ்தான் தம்பி" என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். அதைத் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணி பக்கம் ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைக்குப் போய், "காட்டன்தான் அண்ணா, நெஞ்சில் வெள்ளையில் லோகோ" என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ரெண்டு நாள் கழித்து ஃபெஸ்ட் அன்னைக்குக் காலையில் மூட்டையைப் பிரித்தால், 64 லோகோவும் ரோஸ்மில்க் கலர்.

அன்னைக்கு சாயங்காலம் நான் அந்தக் கடைக்குப் போய்ப் போட்ட சண்டை இருக்கே, அதை இப்போ நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கும். "சீப் இங்க் போட்டு ஏமாத்திட்டீங்க" என்று மற்ற கஸ்டமர்கள் முன்னாடி கத்தினேன். அவர் பதிலுக்கு ஒன்றும் கத்தவில்லை. ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அச்சுக்கூலி 2,560 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார்.

தப்பு அவருடையது இல்லை என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆச்சு. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னாடி போகணும். கொஞ்சம் இல்லை, 1643 வரைக்கும்.

அந்த வருஷம் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், சூரத்தில் இருந்த தங்கள் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள். விஷயம் இதுதான்: நீங்கள் அனுப்புகிற விரிப்புகளில் பின்னணி எல்லாம் ஒரே மங்கிய சிவப்பாக இருக்கிறது, இங்கே அவ்வளவாகப் போகவில்லை. இனிமேல் வெள்ளைப் பின்னணி அதிகமாக வைத்து, நடுவில் பூவும் கொடியும் கலரில் வரட்டும். இன்னைக்கு ஒரு பிராண்ட் மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஃபீட்பேக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? டெலிவரி டைம் மட்டும்தான். கடிதம் போய், துணி திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும்.

சொன்ன டிசைனில், சொன்ன கலரில், சொன்ன அளவில் துணி செய்து கொடுப்பது நம்ம ஊர்க் கடற்கரைக்குப் புது வேலை இல்லை. மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, நாகப்பட்டினம் வரைக்கும் சோழமண்டலக் கடற்கரை முழுக்க இதே தொழில்தான். சயாம் அரசவையில் ஓவியர்கள் மாதிரி வரைந்து இந்தியாவுக்கு அனுப்புவார்கள், அதைப் பார்த்து இங்கே துணியில் வரைந்து கப்பல் ஏற்றுவார்கள். தாய் மொழியில் அந்தத் துணிக்குப் பெயரே 'மாதிரிப்படி செய்த துணி' என்கிற அர்த்தத்தில்தான் வரும். யார் எந்த டிசைன் உடுத்தலாம் என்பது அந்த அரசவையில் அந்தஸ்தைப் பொறுத்த விஷயம். ஐரோப்பியக் குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தை வரைந்து வாங்கிய விரிப்புகளும் உண்டு. கஸ்டமர் லோகோ கொடுக்கிறார், நாம் துணியில் போட்டுக் கொடுக்கிறோம். அதேதான்.

சென்னை என்கிற ஊரே துணி வாங்கத்தான் உருவானது. 1639-ல் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பக்கத்தில் துணி மலிவாகக் கிடைக்கும் என்பது ஒரு பெரிய காரணம். 1734 வாக்கில் நெசவாளர்களுக்காகவே ஒரு குடியிருப்பு போட்டார்கள். சின்னத் தறிப்பேட்டை. அதுதான் நாம் இன்று பஸ்ஸில் கடக்கிற சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளர்களோடு நூற்பவர்கள், துணியில் ஓவியம் வரைபவர்கள், வெளுப்பவர்கள் என்று எல்லாரையும் அங்கே குடியேற்றினார்கள். ஒரு ஃபுல் சர்வீஸ் யூனிட்!

சரி, அவர்கள் எப்படிப் போட்டார்கள்? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட்டோட மையம் இருக்கு, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

துணியில் டிசைன் போட அன்னைக்கு ரெண்டு பெரிய வழி. ஒன்று கலம், அதாவது மூங்கில் பேனா. கலம்காரி என்கிற சொல்லில் இருப்பது அதுதான். இன்னொன்று மர அச்சு. குஜராத் பக்கம் அச்சு அதிகம். நம்ம கடற்கரையில் உயர்ந்த ரகம் எல்லாம் கலம்.

கலம் வேலை எப்படி நடந்தது என்று நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்கு ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் காரணம். அதில் ஒருவரை உளவாளி என்றே சொல்லலாம். 1730-களில் பாண்டிச்சேரிக்கு வந்த போலியூ என்கிற கடற்படை அதிகாரி, ஒரு துணி வண்ணம் ஏறும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, கூடவே செய்முறையையும் எழுதி எடுத்துப் போனார். அந்தக் கையெழுத்துப் பிரதி, துணித் துண்டுகள் ஒட்டியபடியே, இன்றைக்கும் பாரிஸில் இருக்கிறது. இன்னொருவர் கெர்தூ என்கிற ஏசு சபைப் பாதிரியார். மதம் மாறிய ஓவியர்களிடம் கேட்டுக் கேட்டு, 1742-ல் நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். தொழில் ரகசியம், தபாலில்.

அவர்கள் எழுதிய செய்முறை ஏறக்குறைய இப்படி. துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணீரில் ஊற வைத்துக் காய வைப்பார்கள். பால் எதற்கு? அதிலிருக்கிற கொழுப்பு மை ஊறிப் பரவாமல் பிடித்துக்கொள்ளும். அடுத்து, காகிதத்தில் டிசைன் வரைந்து கோட்டின் மேல் ஊசியால் ஓட்டை குத்தி, துணி மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். ஓட்டை வழியாகப் புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கும். கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஒர்க் கொடுக்கிற இடத்தில் இன்னைக்கும் பாருங்கள், பட்டர் பேப்பரில் ஓட்டை குத்தித்தான் டிசைனை இறக்குவார்கள். அதே டெக்னிக்.

பிறகு, இரும்பைப் புளிக்க வைத்த கரைசலால் கறுப்புக் கோடு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். கவனிங்க, அந்த இடத்தில் சிவப்புச் சாயத்தை யாரும் பூசுவதில்லை. படிகாரம் பூசிய துணியைச் சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும், மற்ற இடம் வெளுத்துவிடும். நீலம் வேண்டாத இடத்தை எல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரியில் முக்குவார்கள். கடைசியாக மஞ்சளைக் கையால் தீட்டுவார்கள், அது மட்டும்தான் சீக்கிரம் மங்கும். மற்றதெல்லாம் துவைக்கத் துவைக்க இன்னும் பளிச்சிடும் என்று ஐரோப்பாவில் பேச்சு. அவர்கள் அதுவரை பார்த்த துணி ஓவியம் தண்ணீர் பட்டால் போய்விடும். துவைச்சாலும் போகாத கலர்! இதுக்காகத்தான் அங்கே பித்துப் பிடித்து அலைந்தார்கள்.

பித்து எந்த அளவுக்கு என்றால், சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் 1686-லிருந்து 1759 வரைக்கும் தடை. இங்கிலாந்தில் 1700-ல் ஒரு சட்டம், 1721-ல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1719-ல், லண்டன் நெசவாளர்கள் தெருவில் இந்தத் துணி உடுத்திப் போன பெண்களைத் துரத்தி ஆடையைக் கிழித்தார்கள். அவர்கள் பிழைப்புப் போகிறது என்கிற கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்தது, சும்மா நடந்து போன ஒரு பெண் மேல். (என் பிங்க் லோகோ சண்டையும் எனக்கு ஞாபகம் வருது, விடுங்க.)

இப்போ முக்கியமான கேள்வி. செய்முறை முழுக்கத் தெரிந்துவிட்டது, 1759-ல் தடையும் போய்விட்டது. பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்திருக்கணும்? கலத்தைக் கையில் எடுத்திருக்கணும் இல்லையா? எடுக்கவில்லை. 1760-ல் வெர்சாய் பக்கத்தில் ஜூயி என்கிற ஊரில் ஓபர்காம்ப் என்பவர் பட்டறை போடுகிறார். மர அச்சு. பத்து வருஷத்தில் செப்புத் தகடு வருகிறது. 1783-ல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் பெல் செதுக்கிய செப்பு உருளைக்குக் காப்புரிமை வாங்குகிறார். துணி ஓடிக்கொண்டே இருக்கும், உருளை சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஏன் கலம் இல்லை? கணக்குதான்.

கலத்துக்கு ஆரம்பச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரு மூங்கில் குச்சி, ஒரு காகிதம். ஆனால் ஒவ்வொரு முழத்துக்கும் முதல் முழத்துக்கு ஆன அதே நேரம் ஆகும், ஆயிரமாவது துணியும் மலிவாகாது. அச்சு அப்படியே தலைகீழ். மரத்தில் செதுக்க நாள்கணக்கு ஆகும், செப்பு உருளையில் செதுக்க அதைவிட அதிகம். ஆனால் செதுக்கிய பிறகு அடுத்தடுத்த துணிக்குச் செலவு சரசரவென்று இறங்கும். தேர்ந்த ஓவியரின் கூலி குறைவாக இருந்த இடத்தில் கலம் கட்டுப்படியானது. கூலி கூடுதலாக இருந்த ஐரோப்பாவில் கட்டுப்படி ஆகவில்லை.

இன்னைக்கு டி-ஷர்ட் அடிக்கப் போகிற யாராக இருந்தாலும், தெரிஞ்சோ தெரியாமலோ இதே கணக்கைத்தான் போடுறாங்க. ஸ்க்ரீன் பிரிண்டிங் என்பது அந்தப் பழைய அச்சு. ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன் செய்யணும், அந்தச் செலவு ஒரு சட்டை அடித்தாலும் ஒன்றுதான், ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். நேரடியாகத் துணியில் இங்க்ஜெட் மாதிரி அடிக்கிற டிடிஜி மெஷின் என்பது கலம். செட்டப் செலவு இல்லை, ஒவ்வொரு சட்டையும் வேற டிசைனாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை, ஆனால் ஆயிரமாவது சட்டைக்கும் அதே நேரம், அதே மை. டிடிஜியை என்னமோ ரொம்ப மாடர்ன் என்று விற்கிறார்கள். என் கண்ணுக்கு அது மூங்கில் பேனாவோட மறுபிறவி.

ஆனால் செப்பு உருளை ஒரு வேலை செய்தது, அதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. சின்ன ஆர்டரைச் சாகடித்தது. ஒரு உருளை செதுக்கினால் நீளநீளமான துணியை ஓட்டினால்தான் காசு திரும்பும். ஒரு கிளப்புக்கு இருபது சட்டை என்றால் யார் உருளை செதுக்குவார்கள்? அதனால் 19-ஆம் நூற்றாண்டில் ராணுவம், விளையாட்டு கிளப், பள்ளிக்கூடம் எல்லாம் அடையாளத்துக்கு ஊசி நூலைத்தான் நம்பின. எம்பிராய்டரி.

அதிலும் மெஷின் வந்தது. 1863-ல் சுவிட்சர்லாந்தில் ஐசக் குரோப்லி என்பவர் ஒரு மெஷினை உருவாக்குகிறார், பெயர் ஷிஃப்லி. கூடவே ஓடுகிற நாடா படகு மாதிரி இருப்பதால் 'குட்டிப் படகு' என்று பெயர். கொஞ்ச காலம் கழித்து அவர் மகன், அட்டையில் ஓட்டை குத்தி அதைப் படித்துத் தானாகத் தைக்கிற மாதிரி மாற்றுகிறார். இப்போ ஒரு எம்பிராய்டரி கடைக்கு லோகோவைக் கொண்டுபோனால் முதலில் என்ன சொல்வார்கள்? "பஞ்சிங் சார்ஜ் தனி சார்." கம்ப்யூட்டரில் மௌஸ் வைத்துச் செய்கிற வேலைக்கு ஏன் பஞ்சிங் என்று பெயர்? அந்த அட்டையில் குத்திய ஓட்டைதான். அட்டை போய் ரொம்ப நாள் ஆச்சு, பெயர் மட்டும் பில்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எம்பிராய்டரிக்கு ஒரு மரியாதை உண்டு, அதை உலகம் முழுக்கப் பரப்பியது ஒரு முதலை. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட்டுக்கு முதலை என்று பட்டப்பெயர். நண்பர் ராபர்ட் ஜார்ஜ் ஒரு முதலை வரைந்து கொடுக்க, அதைத் தன் கோட்டில் தைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். 1933-ல் ஆந்த்ரே ஜிலியே என்கிற பனியன் துணி உற்பத்தியாளரோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தபோது அந்த முதலை சட்டையின் இடது நெஞ்சுக்கு ஏறியது. உடைக்கு வெளியே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் கம்பெனி அடையாளம். இன்னைக்கு ஐடி கம்பெனி போலோவில் இடது நெஞ்சில் மூணு இன்ச் லோகோ இருக்கிறதே, அது அந்த முதலையோட பேரப்பிள்ளை.

ஆனால் ஒன்று பாருங்கள், அந்த முதலை ஏறியது பிக்கே துணியில். கொஞ்சம் தடிமனாக, குட்டிக் குட்டிக் கட்டம் போட்ட மாதிரி இருக்குமே, அது. தையலைத் தாங்கும். அதே லோகோவை மெல்லிசான பனியன் துணியில், பின்னாடி பேக்கிங் பேப்பர்கூட வைக்காமல் தைத்தால் சுற்றிலும் சுருங்கிப் போகும். நெஞ்சு முழுக்கப் பெரிய படம் தைத்தால் அட்டை கட்டின மாதிரி நிற்கும், விலையும் எகிறும், ஏனென்றால் எம்பிராய்டரிக்குக் காசு தையல் எண்ணிக்கையில். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று ரேட்.

சரி, சின்ன ஆர்டரை அச்சுக்குத் திரும்பக் கொண்டு வந்தது யார்? ஸ்க்ரீன். அதோட அடிப்படை ஸ்டென்சில்தான். அரிசி மூட்டையில, மரப்பெட்டியில ஸ்டென்சில் எழுத்து பார்த்திருப்பீங்க. எழுத்துக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். ஏன்? 'க' என்கிற எழுத்தை அட்டையில் வெட்டிப் பாருங்கள். சுழிக்குள் இருக்கிற துண்டு கழன்று கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் அந்தப் பாலம். ஜப்பானியர்கள் கிமோனோவுக்கு ஸ்டென்சில் வெட்டும்போது இதே பிரச்சினைக்கு மெல்லிய பட்டு நூலைக் குறுக்கே ஓட்டி அந்தத் துண்டுகளைத் தாங்க வைத்தார்கள். அடுத்த படி, நூலுக்குப் பதிலாக முழு வலையையே வைப்பது. சட்டத்தில் பட்டு வலையை இழுத்துக் கட்டி, மை போகக்கூடாத இடத்தை அடைத்துவிடுவது. 1907-ல் இங்கிலாந்தில், மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மான்செஸ்டர்! உருளை அச்சுத் துணியின் தலைநகரில் இருந்தே உருளைக்கு மாற்று.

செதுக்குகிற வேலை இல்லை. வலையில் ஒளிபட்டால் இறுகும் பசையைத் தடவி, படத்தை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால் அச்சு ரெடி. ஐம்பது சட்டை அடித்தாலே காசு திரும்பும். தைத்து முடித்த சட்டை மேலேயே அடிக்கலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். 1942 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகை அட்டையில் ஒரு அமெரிக்க வீரர், விமானப்படை துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட்டோடு நிற்கிறார். 1948 அமெரிக்கத் தேர்தலில் வேட்பாளர் டூயிக்கு ஓட்டுக் கேட்டு வாசகம் அச்சடித்த டி-ஷர்ட் வருகிறது. அதில் ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டூயி தோற்றுப் போனார், டி-ஷர்ட் ஜெயித்தது.

அப்போதும் ஒரு தலைவலி இருந்தது. தண்ணீரில் கரைத்த மை வலையிலேயே காய்ந்துவிடும். சென்னை மே மாசத்தில் வாட்டர் பேஸ் இங்க் வைத்து அடிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க, நடுவில் டீ குடிக்கப் போக முடியாது. 1959 வாக்கில் பிளாஸ்டிசால் என்கிற மை வந்தது. பிவிசி துகள்களை ஒரு எண்ணெய் மாதிரியான திரவத்தில் கலந்தது. அது தானாகக் காயவே காயாது. இரவு ஸ்க்ரீனில் விட்டுவிட்டுப் போய் காலையில் வந்து அடிக்கலாம். ஏறக்குறைய 160 டிகிரி சூடு கொடுத்தால்தான் இறுகும். கறுப்புத் துணியிலும் வெள்ளை பளிச்சென்று நிற்கும். 1969-ல் மைக்கேல் வாசிலான்டோன் என்கிற அமெரிக்கர், சட்டைகள் வட்டமாகச் சுற்றி வந்து ஒவ்வொரு கலராக வாங்கிக்கொள்ளும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். ராட்டினத்தில் சட்டை ஏறி உட்கார்ந்த மாதிரி. ராக் பேண்ட் டி-ஷர்ட், காலேஜ் டி-ஷர்ட், விளம்பர டி-ஷர்ட் எல்லாம் இதற்குப் பிறகு வந்த வெள்ளம்.

அந்த வெள்ளம் நம்ம பக்கம் வந்து சேர்ந்தது திருப்பூரில். உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் செய்துகொண்டிருந்த ஊருக்கு 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்கிற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். ஏற்றுமதி அங்கிருந்து சூடு பிடித்தது. வெள்ளை போய் கலர் வந்தது, கலருக்கு மேல் அச்சு வந்தது. பேனாவும் படிகாரமும் வைத்து உலகத்துக்குக் கலர் கொடுத்த கடற்கரையில் இருந்து முன்னூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, இன்னொரு தடவை உலகத்தோட லோகோவை நாம் போட ஆரம்பித்தோம். அதற்கு நொய்யல் ஆறு கொடுத்த விலை தனி எபிசோட். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிளாஸ்டிசாலுக்கும் பின்னாலேயே கேள்வி வந்தது. அதை மிருதுவாக்கச் சேர்க்கிற தாலேட் ரசாயனங்களுக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும், முக்கியமாகக் குழந்தைப் பொருள்களில், கட்டுப்பாடு போட்டன. தாலேட் இல்லாத மை என்று தனி ரகம் வந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போ என் பிங்க் லோகோ.

பருத்திக்குச் சாயம் ஏறுவதும் பாலியஸ்டருக்குச் சாயம் ஏறுவதும் ஒரே மாதிரி இல்லை. பாலியஸ்டருக்குப் போடுகிற சாயத்துக்கு டிஸ்பெர்ஸ் டை என்று பெயர். அதற்கு ஒரு விசித்திரக் குணம். நல்ல சூடு பட்டால் உருகாமல் நேராக ஆவியாகும், கற்பூரம் மாதிரி. ஆவியாகிப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பிளாஸ்டிக்குக்குள் புகுந்துகொள்ளும்.

1950-களின் கடைசியில் பிரான்ஸில் நோயெல் டி பிளாஸ் என்பவர் இந்தக் குணத்தையே தொழிலாக்கினார். காகிதத்தில் அந்தச் சாயத்தில் படம் அடித்து, வெள்ளைப் பாலியஸ்டர் மேல் வைத்து 200 டிகிரி பக்கம் அழுத்தினால், சாயம் ஆவியாகித் துணிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். மேலே ஒட்டாது, வெடிக்காது, உரியாது, கைக்குத் தட்டுப்படவே படாது. சப்லிமேஷன். நீங்க போடுற கிரிக்கெட் டீம் ஜெர்சி, கம்பெனி மாரத்தான் டி-ஷர்ட்டில் பெரும்பாலானவை இப்படித்தான். பருத்தியில் இது வேலை செய்யாது. கறுப்புத் துணியிலும் செய்யாது, ஏனென்றால் இதில் வெள்ளை மை என்ற ஒன்றே கிடையாது.

என் மெரூன் டிரை-ஃபிட் காட்டன் மிக்ஸ் இல்லை, முழுப் பாலியஸ்டர். அது மேல் வெள்ளை பிளாஸ்டிசால் அடித்து அந்த அண்ணா 160 டிகிரியில் சூடு காட்டினார். காட்டனுக்கு அதுதான் சரியான முறை. அந்தச் சூட்டில் மெரூன் சாயம் ஆவியாகி வெள்ளை மைக்குள் ஏற ஆரம்பித்தது, மூட்டையில் ரெண்டு நாள் இருக்கும்போதும் ஏறிக்கொண்டே இருந்தது. நோயெல் டி பிளாஸ் கண்டுபிடித்த அதே விஷயம், நான் கேட்காமலே, 64 தடவை நடந்திருக்கிறது. துணி என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தால் குறைந்த சூட்டில் இறுகும் மை போட்டிருப்பார், அல்லது வெள்ளைக்கு அடியில் சாயத்தைத் தடுக்கிற ஒரு கோட்டு அடித்திருப்பார். காட்டன் என்று சொன்னது நான்.

போன மாசம் அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். ஒரு மூலையில் ஸ்க்ரீன்கள் சாய்த்து வைத்திருந்தன, நடுவில் புதுசா ஒரு டிடிஎஃப் மெஷின். பிலிமில் படத்தை அடித்து, பசைத் தூள் தூவி, சூடாக்கித் துணியில் ஒட்டுவது. கடந்த சில வருஷத்தில் எல்லாக் கடைக்கும் வந்துவிட்டது. எந்தத் துணியாக இருந்தாலும் ஒட்டும், ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம். நெஞ்சு முழுக்க அடித்தால் மட்டும் பிளாஸ்டிக் பாய் கட்டின மாதிரி வியர்க்கும்.

அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. ரோஸ் லோகோ என்றதும் ஞாபகம் வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே டவுட்டு இருந்துச்சு தம்பி. ஓரத்துல ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாத்திருக்கணும். காட்டன்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும், பாலியஸ்டர்னா உருகி உருண்டை கட்டிடும். அவசரம், நானும் பாக்கல" என்றார். 2,560 ரூபாயை எடுத்து வைத்தேன். வாங்கவில்லை. "வேலை இருந்தா குடு."

வேலை இருந்தது. எங்க ஏரியா ரன்னிங் குரூப்புக்கு 30 சட்டை. காட்டன்தான் வாங்கினேன், இந்தத் தடவை அவர் கண் முன்னாடியே நூலை உருவிக் கொளுத்திவிட்டுத்தான் கொடுத்தேன். முன்னாடி குரூப் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதான், ஒரே கலர், அதனால் ஸ்க்ரீன். பின்னாடி ஆளுக்கு ஒரு பெயர், 30 பெயருக்கு 30 ஸ்க்ரீன் செய்ய முடியாது, அதனால் அது மட்டும் டிடிஎஃப். வியாழக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.